மிளகாய், கரி, வைக்கோல் கயிறு: கொரிய வீடுகளில் ஜாங் போடும் வழக்கம்

கேள்வி: கொரியத் தொடர்களில் வீட்டுப் பின்கட்டில் பெரிய பெரிய ஜாடிகள் வரிசையாக நிற்கின்றன. சிலவற்றின் கழுத்தில் மிளகாயும் கரியும் செருகிய வைக்கோல் கயிறு. சிலவற்றில் வெள்ளைக் காகிதத்தில் வெட்டிய காலுறை தலைகீழாக ஒட்டியிருக்கிறது. இது திருஷ்டி கழிப்பதா, சமையலா? நாள் பார்த்துச் செய்வார்களா? ஜாடிக்குள் என்னதான் நடக்கிறது?

பதில்: இரண்டும்தான். ஜாடிக்குள் இருப்பது ஜாங். சோயாவை நொதிக்க வைத்துச் செய்யும் சுவைப்பொருள்களுக்கு மொத்தமாக அந்தப் பெயர். வருடத்துக்கு ஒரே முறைதான் போடுவார்கள். வீட்டில் ஓராண்டு முழுக்க வைக்கும் குழம்பு, கீரை, இறைச்சி எல்லாவற்றின் உப்பும் ருசியும் அந்த ஜாடிகளிலிருந்துதான் வரும். ஜாடி கெட்டுப்போனால் அடுத்த குளிர்காலம்வரை மாற்று கிடையாது. "ஜாங் ருசி மாறினால் குடும்பம் நொடிக்கும்" என்று அங்கே சொல்வார்கள். "பேச்சு அதிகமான வீட்டில் ஜாங்கும் கசக்கும்" என்று இன்னொரு பழமொழி. அதை யார் யாரைப் பார்த்துச் சொல்லியிருப்பார்கள் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

இவ்வளவு பெரிய பணயம் வைத்த வேலையைச் சுற்றி நாள், தீட்டு, காப்பு எல்லாம் வந்து சேர்ந்ததில் ஆச்சரியமில்லை. அந்தச் சடங்குகளில் பாதிக்கு நேரடியான சமையல் காரணம் உண்டு. மீதிப் பாதி வெறும் நம்பிக்கை. எல்லாவற்றுக்கும் "முன்னோர்களின் விஞ்ஞானம்" என்று பட்டயம் கட்ட வேண்டியதில்லை. எது எந்த வகை என்று அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

முதலில் மூன்று பெயர்கள். வேகவைத்த சோயாவை இடித்துக் கட்டியாகப் பிடித்துப் பூசணம் பிடிக்க விட்டால் அது மெஜு. அந்த மெஜுவை உப்புநீரில் ஊறவைத்து, பிறகு பிரித்தெடுக்கும் நீர் கன்ஜாங், அதாவது சோயா சாஸ். மிஞ்சும் விழுது டொயன்ஜாங். ஒரே ஜாடியிலிருந்து இரண்டு பொருள்கள் கிடைக்கின்றன. கடைகளில் சிவப்பு டப்பாவில் பார்க்கும் கோச்சுஜாங் மிளகாய் சேர்த்துத் தனியாகச் செய்வது.

பழக்கம் மிகப் பழையது. கி.பி. 683இல் பழைய கொரிய அரசுகளில் ஒன்றான சில்லா நாட்டு மன்னர் சின்முனின் திருமணத்துக்குப் பெண் வீட்டுக்குப் போன சீர்வரிசையில் அரிசி, மது, எண்ணெய், தேன் இவற்றோடு ஜாங்கும் இருந்ததாக வரலாற்றுக் குறிப்பு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதப்பட்ட பருவ வழக்கக் குறிப்பொன்று, ஜாங் போடுவதையும் குளிர்காலக் கிம்ச்சி போடுவதையும் குடும்பங்களின் இரண்டு பெரிய வருடாந்திரத் திட்டங்கள் என்கிறது. கொரியாவின் கடைசி அரச வம்சமான ஜோசொன் அரண்மனையில் ஜாடிகளுக்கென்றே தனி முற்றம் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண்ணுக்கு 'ஜாங்கோ மாமா' என்று மரியாதைப் பெயர் (இந்த 'மாமா' நம் மாமா அல்ல, கொரிய மரியாதைச் சொல்). தென்கொரிய அரசு 2018இல் ஜாங் போடும் வழக்கத்தைத் தேசிய மரபுரிமையாக அறிவித்தது. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. கிம்ச்சி போடும் வழக்கம் 2013லேயே அந்தப் பட்டியலுக்குப் போய்விட்டது.

வேலை நவம்பரில் தொடங்குகிறது. கொரிய நாட்காட்டியில் வருடத்தை 24 பருவப் புள்ளிகளாகப் பிரித்திருப்பார்கள். நவம்பர் 7 அல்லது 8இல் வரும் இப்டோங் குளிர்காலத்தின் தொடக்கம். அதற்கும் டிசம்பர் 22ஐ ஒட்டி வரும் டோங்ஜிக்கும் இடைப்பட்ட வாரங்களில் புதுச் சோயாவை வேகவைப்பார்கள். வழக்கமான அளவு ஒரு 'மல்', எடையில் சுமார் 8 கிலோ. ஓர் இரவு ஊறவைத்து, 5 முதல் 6 மணி நேரம் மெதுவாக வேகவைக்க வேண்டும். சோயா பயங்கரமாக நுரைக்கும். கொதி வந்ததும் தீயைத் தணிக்காவிட்டால் பாதித் தண்ணீர் அடுப்பில்தான் இருக்கும். பதம் பார்க்க ஒரு பயறை எடுத்துக் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே அழுத்துவார்கள். சுண்டுவிரலுக்கு வலு குறைவு. அதற்கே நசுங்கினால் வெந்துவிட்டது என்று அர்த்தம். நிறமும் வெளிர் மஞ்சளிலிருந்து செம்பழுப்புக்கு மாறியிருக்கும்.

சூடு ஆறுவதற்குள் இடிக்க வேண்டும். ஆறிப்போனால் ஒட்டாது, பிடித்த கட்டி பிளந்துகொள்ளும். மாவாகவும் அரைக்கக் கூடாது. அங்கங்கே அரைப் பயறு தெரிகிற அளவில் நிறுத்தினால்தான் உள்ளே காற்று போய்ப் பூசணம் நடுவரை இறங்கும். மரச்சட்டத்தில் துணி விரித்து, உள்ளே இடித்ததை நிரப்பி, மிதித்து அழுத்திச் செங்கல் வடிவில் எடுப்பார்கள். ஈரக் கட்டி ஒன்று இரண்டரை முதல் மூன்று கிலோ இருக்கும். 8 கிலோ சோயாவுக்கு ஐந்தாறு கட்டி வரும். காய்ந்து முடிந்தபின் எல்லாம் சேர்ந்து 7 கிலோவை ஒட்டி நிற்கும். கட்டியின் தடிமன் 10 சென்டிமீட்டரைத் தாண்டினால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் தங்கிவிடும். மெஜு கெடுவதற்கு முதல் காரணம் இதுதான்: நடுவில் கறுத்து, பிசுபிசுத்து, நவச்சார நெடி அடிக்கும்.

சில நாள் வைக்கோல் மேல் திருப்பித் திருப்பிப் போட்டு மேல்தோல் இறுகியதும், நெல் வைக்கோலால் கட்டி வீட்டு இறவாரத்திலோ உத்தரத்திலோ தொங்கவிடுவார்கள். தொடர்களில் தோரணம் மாதிரித் தெரிவது இதுதான். வைக்கோல் இங்கே கயிறு மட்டும் இல்லை. அதில் இயல்பாகவே வாழும் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற நுண்ணுயிர் கட்டிக்குள் இறங்குகிறது; காற்றிலிருந்து ஆஸ்பர்ஜில்லஸ் வகைப் பூசணமும் வந்து உட்காருகிறது. இரண்டும் சேர்ந்து சோயாவின் புரதத்தை உடைத்து ருசியாக்குகின்றன. இப்போது பலர் வெங்காயம் வரும் நைலான் வலைப்பையில் போட்டுத் தொங்கவிடுகிறார்கள். தொங்கும், ஆனால் வைக்கோல் தரும் நுண்ணுயிர் கிடைக்காது. நடுநடுவே இரண்டு இழை வைக்கோலாவது வைத்துக் கட்டுவது நல்லது. பூச்சிமருந்து அடிக்காத வயலின் வைக்கோலாக இருக்க வேண்டும்.

ஒரு மாதம்போலத் தொங்கிய பிறகு, கட்டிகளை இறக்கி ஒன்டோல் அறையில் அடுக்குவார்கள். தரைக்கு அடியில் அடுப்புப் புகையை ஓட விட்டுச் சூடாக்கும் அறை அது. வைக்கோல், மெஜு, மறுபடி வைக்கோல் என்று அடுக்கி, மேலே கம்பளி போர்த்தி, ஏறத்தாழ 30 டிகிரியில் இரண்டு வாரம் வைப்பார்கள். வீடே நாறும். அந்தக் காலத்துப் பள்ளிப் பிள்ளைகளின் உடுப்பிலெல்லாம் குளிர்காலம் முழுக்க இந்த வாசம் ஒட்டிக்கொண்டிருக்கும். வெளியே வெள்ளையும் வெளிர் மஞ்சளும் பூத்து, உடைத்தால் உள்ளே செம்பழுப்பாக இருந்தால் நல்ல மெஜு. மேலே அங்கங்கே லேசான பச்சை தெரிந்தால் தேய்த்துக் கழுவிவிடலாம் என்பது பழைய வழக்கம். கறுப்பும் நீலப்பச்சையும் ஆழமாக இறங்கியிருந்தால் யோசிக்காமல் தூக்கிப் போட வேண்டும். சில பூசண வகைகள் அஃப்லடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும்; 2020இல் கொரிய உணவுப் பாதுகாப்பு அமைச்சகம் அளவுக்கு மீறி அது இருந்த டொயன்ஜாங் வகைகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறச் செய்தது. வாசத்தை வைத்து இந்த நஞ்சைக் கண்டுபிடிக்க முடியாது.

இனி நாள். மெஜுவை உப்புநீரில் போட்டு ஜாங் வைக்கும் பருவம் சந்திர நாட்காட்டியின் முதல் மூன்று மாதங்கள், நம் கணக்கில் பிப்ரவரி முதல் ஏப்ரல்வரை. முதல் மாதத்தில் போடுவதற்குத்தான் மதிப்பு அதிகம். 'ஜொங்வொல் ஜாங்' என்று தனிப்பெயரே உண்டு. காரணம் நேரடியானது: குளிரில் நொதித்தல் மெதுவாக நடக்கும், ஈ கிடையாது, குறைந்த உப்பே போதும். மூன்றாம் மாதத்துக்குத் தள்ளினால் வெயில் ஏறிவிடும். கெடாமலிருக்க உப்பைக் கூட்ட வேண்டும், ருசி கரிக்கும். வடகிழக்கே காங்வொன் மலைப்பகுதியில் குளிர் நீண்டு நிற்பதால் அங்கே தாமதமாகப் போடுவதே சரி. தெற்கே ஜொல்லாவில் முந்திவிடுவார்கள்.

மாதத்துக்குள் எந்த நாள் என்பது நம்பிக்கையின் பக்கம். நாட்களுக்கு 12 விலங்குகளின் பெயர் சுழற்சியாக வரும். அதில் குதிரை நாள் ஜாங்குக்கு உகந்தது. குதிரைக்குச் சோயா பிடிக்கும் என்று ஒரு விளக்கம். குதிரை ரத்தத்தைப் போல ஜாங்கின் நிறம் அடர்த்தியாக வரும் என்று இன்னொன்று. பத்து நாள் சுழற்சியில் வரும் 'சின்' நாளைத் தவிர்ப்பார்கள். கொரிய மொழியில் புளிப்பைக் குறிக்கும் சொல்லின் ஒலி அதில் கேட்கிறது. அன்று போட்டால் ஜாங் புளித்துவிடுமாம். இவை தவிர 'சொன் ஒம்னன் நால்' என்றொரு கணக்கு. சொன் என்பது மனிதர் வேலையைக் கெடுக்கும் அலைந்து திரியும் ஆவி. சந்திர மாதத்தின் 1, 2 தேதிகளில் கிழக்கே, 3, 4இல் தெற்கே, 5, 6இல் மேற்கே, 7, 8இல் வடக்கே இருக்கும். 9, 10இல் வானத்துக்குப் போய்விடும். ஆகவே 9, 10, 19, 20, 29, 30 தேதிகள் தடையற்ற நாட்கள். ஜாங் போடாத நகரத்துக் குடும்பங்கள்கூட வீடு மாற இந்த நாளைத்தான் பார்க்கின்றன. அன்று சாமான் ஏற்றும் வண்டிக்கு வாடகையும் கூடுதல்.

குதிரை நாளுக்கும் உப்புநீருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் நாள் குறித்துவிட்டால் அதற்கு முன்பே உப்பைக் கரைத்துத் தெளியவைக்க வேண்டும், ஜாடியைக் காயவைக்க வேண்டும், மெஜுவைக் கழுவ வேண்டும். வேலை தள்ளிப்போகாமலிருக்க நாள் ஒரு கெடுவாக உதவியிருக்கிறது. அதற்கு மேல் அதில் ஏதாவது தேடினால் நாமே இட்டுக்கட்டியதாகத்தான் இருக்கும்.

தீட்டு விதிகளின் கதை வேறு. ஜாங் போடுபவர் மூன்று நாளுக்கு முன்பிருந்தே சாவு வீட்டுக்கும் பிரசவம் நடந்த வீட்டுக்கும் போகக் கூடாது. குளித்துச் சுத்தமாக இருக்க வேண்டும். சிலர் வாயில் காகிதத்தைக் கட்டிக்கொண்டு பேசாமல் வேலை செய்தார்கள். பெண்ணின் மூச்சிலிருக்கும் குளிர்ந்த சக்தி ஜாங்கைத் தொடக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். காரணத்தை நாம் ஏற்க வேண்டியதில்லை. நம் வீடுகளில் ஊறுகாய் ஜாடியைத் தொட ஈரக் கைக்குத் தடை போட்டதைப் போல, எச்சில் தெறிக்காமலும் அழுக்குக் கை படாமலும் பார்த்துக்கொள்ள அந்த விதி உதவியது.

ஜாடிக்கு வருவோம். ஒங்கி எனப்படும் இந்தச் சுட்ட மண் ஜாடியின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. நீர் கசியாது, காற்று மட்டும் மெல்லப் போய்வரும். சாம்பலும் மண்ணும் கலந்த பூச்சுப் பூசிச் சுட்ட ஜாடிதான் உண்மையான ஒங்கி. கடந்த நூற்றாண்டில் ஈய ஆக்சைடு கலந்த பளபளப்புப் பூச்சு பரவியது. பழைய ஜாடி வாங்குகிறவர்கள் கண்ணாடி மாதிரி மின்னும் செந்நிற ஜாடியைத் தவிர்ப்பது நல்லது. தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும்; மந்தமாகக் கேட்டால் எங்கோ விரிசல். அடுத்த சோதனை புகை: வைக்கோலைக் கொளுத்தி அதன் மேல் ஜாடியைக் கவிழ்ப்பார்கள். எங்காவது புகை கசிந்தால் அந்த ஜாடி வேண்டாம். கசியாவிட்டால், புகையிலேயே உட்புறமும் சுத்தமாகிவிடும்.

உப்புக்கு ஒரு நிபந்தனை. வெயிலில் காய்ந்த கடல் உப்புதான் வேண்டும், அதுவும் ஓரிரு வருடமாவது மூட்டையில் கிடந்து கசப்பு நீர் வடிந்ததாக இருக்க வேண்டும். புது உப்பில் மெக்னீசியம் தங்கியிருக்கும். ஜாங் கசந்துபோவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். 7 கிலோ மெஜுவுக்கு 20 லிட்டர் தண்ணீர், நாலரை கிலோ உப்பு என்பது முதல் மாதக் கணக்கு. இது உப்புநீரின் எடையில் 18 சதவீதத்தைச் சற்றே தாண்டும். மூன்றாம் மாதத்தில் போட்டால் உப்பு 5 முதல் ஐந்தரை கிலோ. முந்தைய நாளே கரைத்து, இரவு முழுக்கத் தெளியவிட்டு, அடியில் படிந்த மண் கலங்காமல் துணியில் வடிகட்ட வேண்டும். உப்பு ஒவ்வொரு மூட்டைக்கும் வேறுபடும் என்பதால் தராசை விட முட்டையை நம்புவார்கள். புது முட்டையை மிதக்கவிட்டால் நீருக்கு மேலே தெரியும் வட்டம் 500 வொன் நாணயம் அளவுக்கு, அதாவது இரண்டரை சென்டிமீட்டரைச் சற்றே தாண்டிய குறுக்களவில், இருக்க வேண்டும். வட்டம் சிறுத்தால் உப்புப் போதாது. முட்டை பழசாக இருந்தால் உள்ளே காற்று சேர்ந்து, உப்புக் குறைவான நீரிலும் உயரமாக மிதந்து ஏமாற்றும்.

மெஜுவைத் தூரிகையால் தேய்த்துத் தண்ணீரில் சட்டென்று அலசி எடுத்து, ஓரிரு நாள் வெயிலில் காயவைத்திருப்பார்கள். ஊறவிட்டுக் கழுவினால் ருசி தண்ணீரோடு போய்விடும். காய்ந்த கட்டிகளை ஜாடியில் அடுக்கி, உப்புநீரை ஊற்றி, மேலே மிதக்காமலிருக்க மூங்கில் குச்சிகளை வளைத்துக் குறுக்கே செருகுவார்கள். அப்படியும் தலைதூக்கும் கட்டியின் மேல் ஒரு கை உப்பை அள்ளி வைக்க வேண்டும். காற்றுப் படும் அந்த மேற்புறத்தில்தான் முதலில் கெட்ட பூசணம் பிடிக்கும். பிறகு செக்கச்செவேலென்று கனன்ற கரித்துண்டு இரண்டு மூன்றை உள்ளே போடுவார்கள். சொர்ரென்று சத்தம் வரும். கூடவே காய்ந்த சிவப்பு மிளகாய், உலர்ந்த இலந்தை. எண்ணிக்கை ஒற்றைப்படையில், 3, 5, 7 என்று இருக்கும். கரி வாடையை இழுத்துக்கொள்ளும், மிளகாயின் காரம் நுண்ணுயிர்களைச் சற்றுத் தடுக்கும் என்பது உண்மை. 20 லிட்டருக்கு ஐந்து மிளகாய் எவ்வளவு செய்துவிடும் என்பது வேறு கேள்வி. சிவப்பு நிறம் கெட்ட ஆவியை விரட்டும், கரி அசுத்தத்தைச் சுட்டுவிடும் என்ற நம்பிக்கையே இங்கே முந்தியது என்று எனக்குப் படுகிறது.

நீங்கள் கேட்ட கயிறு இதற்குப் பிறகு வருகிறது. பெயர் கும்ஜுல், தடுப்புக் கயிறு. சாதாரணக் கயிற்றை வலப்பக்கமாகத் திரிப்பார்கள். இதை இடப்பக்கமாகத் திரிக்க வேண்டும். வழக்கத்துக்கு மாறான திரி ஆவிகளைக் குழப்பும் என்பது எண்ணம். நடுநடுவே சிவப்பு மிளகாய், கரி, பைன் கொத்து, வெள்ளைக் காகிதம் செருகி ஜாடியின் கழுத்தில் கட்டுவார்கள். இதே கயிறு குழந்தை பிறந்த வீட்டு வாசலிலும் 21 நாள் தொங்கும். ஆண் குழந்தையானால் மிளகாயும் கரியும், பெண்ணானால் பைன் கொத்தும் கரியும். வெளியாட்கள் உள்ளே வராதீர்கள் என்ற அறிவிப்பு அது. அப்படிப் பார்த்தால், புதிதாகப் போட்ட ஜாங்கைப் பிறந்த குழந்தையைப் போலவே பாதுகாத்திருக்கிறார்கள். மிளகாய் கொரியாவுக்கு வந்ததே 16ஆம் நூற்றாண்டின் இறுதி வாக்கில் என்பது பரவலான கருத்து. அது சரியானால் கயிற்றில் மிளகாய் செருகும் பழக்கம் அதற்குப் பிந்தியதாகத்தான் இருக்க முடியும்.

காலுறையின் பெயர் பொசன். வெள்ளைக் காகிதத்தில் அந்த வடிவத்தை வெட்டி, விரல் நுனி மேலே பார்க்கத் தலைகீழாக ஒட்டுவார்கள். ஜாங்கைக் கெடுக்க வரும் ஆவி காலுறைக்குள் நுழைந்து மாட்டிக்கொள்ளும் என்பது ஒரு விளக்கம். ருசி மாறினாலும் வந்த வழியே பழைய ருசிக்குத் திரும்ப வேண்டும் என்பது இன்னொன்று. வெள்ளைக் காகிதத்தில் படும் வெளிச்சம் பூரான் போன்ற பூச்சிகளை ஏறவிடாது என்றும் இப்போது சொல்கிறார்கள். அழகான விளக்கம்தான், ஆனால் பூரானைத் தடுக்க வெறும் காகிதம் போதுமே, காலுறை வடிவம் எதற்கு?

ஜாடிகள் நிற்கும் மேடை ஜாங்டொக்டே. வெயிலும் காற்றும் நன்றாகப் படும் இடத்தில் கல் பரப்பி உயர்த்தியிருப்பார்கள். பின்வரிசையில் பெரியவை, முன்னே சிறியவை; அப்போதுதான் எல்லாவற்றுக்கும் வெயில் கிடைக்கும். ஜாடியின் வடிவமே ஊருக்கு ஊர் மாறும். வெயில் குறைந்த நடுப்பகுதியிலும் வடக்கிலும் வாய் அகன்றிருக்கும். தெற்கே வெயில் அதிகம், நீர் ஆவியாவதைக் குறைக்க வாய் குறுகி வயிறு பருத்திருக்கும். தென்மேற்கில் இந்த மேடைக்கென்றே சொல்யுங் என்ற காவல் தெய்வம் உண்டு. சந்திர நாட்காட்டியின் பத்தாம் மாதத்தில், அறுவடை முடிந்ததும், சிவப்புப் பயறு தூவி ஆவியில் வேகவைத்த அரிசிப் பலகாரத்தை வீட்டுத் தெய்வங்களுக்கெல்லாம் படைப்பார்கள். ஜாங்டொக்டேக்கும் ஒரு தட்டுப் போகும். விடிவதற்குள் எடுத்த கிணற்றுநீரை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் இங்கே வைத்து, ஊருக்குப் போன மகனுக்காகவும் பரீட்சைக்காகவும் பெண்கள் வேண்டிக்கொண்டதும் இந்த இடத்தில்தான். வீட்டின் முன்கட்டும் முன்னோர் படையலும் ஆண்கள் கையில் இருந்த சமூகத்தில், இந்த மேடை பெண்களின் வழிபாட்டிடமாக இருந்தது.

போட்ட மூன்று நாள் மூடியைத் திறப்பதில்லை. பிறகு தினசரி வேலை: வெயிலடிக்கும் காலைகளில் திறந்து, பொழுது சாய்வதற்குள் மூட வேண்டும். எதையும் விட மழைதான் பெரிய எதிரி. ஒரு கோப்பை மழைநீர் உள்ளே போனாலும் மேற்பரப்பில் உப்பு நீர்த்து வெள்ளை ஆடை கட்டும். இது பெரும்பாலும் ஈஸ்ட்; ஆபத்தில்லை, ஆனால் விட்டால் புளிப்பும் வாடையும் ஏறும். ஆடையை வழித்தெடுத்து, மேலே உப்புத் தூவி, இரண்டு நாள் நல்ல வெயில் காட்டினால் பெரும்பாலும் சரியாகும். திரும்பத் திரும்ப வந்தால் உப்புநீரே தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். கொஞ்சம் எடுத்து உப்பைக் கரைத்துத் திரும்ப ஊற்ற வேண்டும். திறந்திருக்கும் நேரத்தில் வாயில் மெல்லிய வலைத்துணியை ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டாவிட்டால் ஏப்ரல் பிறந்ததும் ஈ முட்டையிடும், புழு வைக்கும்.

40 முதல் 60 நாள் கழித்துப் பிரிக்கும் நாள் வரும். இதற்கு 'ஜாங் காருகி' என்று பெயர். சீக்கிரம் பிரித்தால் டொயன்ஜாங் ருசியாக இருக்கும், கன்ஜாங் நீர்த்திருக்கும். நாள் கடத்தினால் ருசியெல்லாம் கன்ஜாங்குக்குப் போய், டொயன்ஜாங் சக்கையாகிவிடும். எது முக்கியம் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். ஊறி உப்பிய கட்டிகளை உடையாமல் எடுத்து, கையால் பிசைந்து, இறுகலாக இருந்தால் கன்ஜாங்கில் கொஞ்சம் ஊற்றித் தளர்த்துவார்கள். இங்கே கஞ்சத்தனம் பார்த்தால் கோடையில் டொயன்ஜாங் கட்டாந்தரையாக இறுகும். வேறு ஜாடியில் காற்றுப்பை இல்லாமல் அழுத்தி நிரப்பி, மேலே உப்பைப் பரப்பி, ஆறு மாதமாவது விட வேண்டும். வடிகட்டிய கன்ஜாங்கைச் சிலர் காய்ச்சுவார்கள். குமிழி வெடிக்கக் கொதிக்கவிடாமல், நுரையை எடுத்துக்கொண்டே 80 டிகிரியை ஒட்டிச் சூடாக்குவது நல்ல பக்குவம். காய்ச்சாமல் வெயிலில் மட்டும் வைத்துப் பழக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கு உப்பு துல்லியமாக இருக்க வேண்டும்.

முதல் வருடக் கன்ஜாங் வெளிர் நிறம், சூப்புக்கு அதுதான். பிரசவித்த பெண்ணுக்கும் பிறந்தநாளுக்கும் வைக்கும் கடற்பாசிச் சூப்பில் இது தவிர வேறு கன்ஜாங்கை ஊற்றினால் பாட்டிமார் முகம் சுளிப்பார்கள். ஐந்து வருடம் தாண்டியது கறுத்துத் தடித்து இனிப்பேறும். சில குடும்பங்கள் மிகச் சிறந்த ஜாடியைத் தீர்ந்துபோக விடாமல், குறையக் குறைய நல்ல புதுக் கன்ஜாங்கை ஊற்றி நிரப்பிக்கொண்டே வரும். இதுதான் 'ச்சி கன்ஜாங்', விதைக் கன்ஜாங். தென்ஜொல்லா மாநிலத்தின் தம்யாங்கில் கி சுன் தோ குடும்பத்தின் விதைக் கன்ஜாங் 360 வருடம் பழையது என்று சொல்லப்படுகிறது. 2017 நவம்பரில் அமெரிக்க அதிபர் டிரம்ப் சியோலுக்கு வந்தபோது அரசு விருந்தின் மாட்டு விலா வறுவலில் அது சேர்ந்தது. 360 வருடம் என்றால் அந்த வயதில் ஒவ்வொரு துளியும் இருக்கிறது என்று பொருளில்லை. அறுபடாமல் தொடரும் ஒரு ஜாடி என்றுதான் பொருள். அடியில் உப்புப் படிகமாகத் திரண்டு நிற்பது நல்ல விதைக் கன்ஜாங்கின் அடையாளம்.

கோச்சுஜாங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதற்குப் பெயர்போன ஊர் வடஜொல்லாவின் சுன்சாங். அங்கே மெஜு வேறு: சோயாவோடு அரிசியும் சேர்த்து, நடுவில் ஓட்டை வைத்து வட்டமாகப் பிடித்து, ஆகஸ்ட் 23ஐ ஒட்டிய சொசோ பருவத்தில் நொதிக்க வைப்பார்கள். ஓட்டை இருப்பதால் காற்று சீக்கிரம் நடுவை எட்டும். அந்த மெஜுவைப் பொடித்து, மிளகாய்ப்பொடி, பசையரிசி மாவு, முளைகட்டிய பார்லி நீர், உப்பு சேர்த்துக் குளிர்காலத்தில் ஜாடியில் போடுவார்கள். தளர்வாகக் கலந்து உப்பையும் குறைத்தால் கோடையில் பொங்கி ஜாடியைத் தாண்டி வழியும். கோச்சுஜாங்கில் அதிகம் நேரும் தவறு இதுதான்.

ஜாடியின் கழுத்தில் பெருமையாகத் தொங்கும் சிவப்பு மிளகாய்க்கு முன்னோர் படையலில் இடமில்லை. ஆவியை விரட்டும் பொருளை ஆவி வரும் மேசையில் வைக்கலாமா? அதே காரணத்தால் பீச் பழமும் படைக்க மாட்டார்கள். மிளகாய் சேராத காய்கறி, இறைச்சியோடு, சிறு கிண்ணத்தில் தெளிந்த கன்ஜாங் மட்டும் அந்த மேசைக்குப் போகும்.

அடுக்குமாடியில் இன்று செய்கிறவர்கள் மெஜுவை வாங்கிவிடுகிறார்கள். வாசத்துக்குப் பக்கத்து வீட்டார் புகார் சொல்வார்கள் என்பதால் அது நியாயம்தான். ஒன்றரை கிலோ மெஜு, 5 லிட்டர் தண்ணீர், 1.1 கிலோ உப்பு, 10 லிட்டர் ஜாடி என்பது பால்கனிக்குத் தோதான அளவு. கண்ணாடி அடைத்த பால்கனியில் வெயில் வந்தாலும் காற்று ஓடாது. பகலில் சன்னலைத் திறந்து வைக்க வேண்டும். சிறிய ஜாடியில் நீர் வேகமாக வற்றி மெஜுவின் தலை வெளியே தெரியத் தொடங்கும். அப்போது வெறும் தண்ணீரை ஊற்றுவதுதான் பலரும் செய்யும் தவறு. ஊற்றிய நீர் மேலேயே மிதந்து, அந்த இடத்தில் உப்பு குறைந்து, ஆடை கட்டிவிடும். ஆரம்பத்திலேயே அதே அடர்த்தியில் ஒரு லிட்டர் உப்புநீரைக் கூடுதலாகக் கரைத்துப் புட்டியில் எடுத்து வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது அதை ஊற்றுங்கள்.